செயலாளர் ஆண்டறிக்கை 2023 (திடல் விவகாரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, நம் காற்பந்து ரசிகர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டம் காலை 10 மணிக்கு என்று அறிவித்திருந்தோம். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவே 11 ஆகிவிட்டது. அதனால் சுருக்க முடிந்த இடத்தில் சுருக்கி வாசிக்கிறேன். சுருக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பொறுத்துக்கொள்ளவும்.

பிப்ரவரியில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். மோர் மதியத்துக்குள் தீர்ந்தது. மார்ச்சில் நம் திடலில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை, நடந்தது. 12 வயதுக்குட்பட்டோர் போட்டி பள்ளி விடுமுறையில் நடந்து, மழையால் பினால்டியில் முடிந்தது. பினாங்கு குழுவின் ஆட்டங்களுக்கு சிட்டி ஸ்டேடியத்துக்கு வழக்கம்போல் சேர்ந்து போனோம். அக்டோபர் 13-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் மெர்டேக்கா கிண்ணப் போட்டியில் மலேசியா இந்தியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்துக்குப் பஸ் எடுத்தோம். பாதி சீட் காலி, வாடகை மட்டும் முழுசு. தீபாவளி விருந்து நடக்கவில்லை. காரணம் பொருளாளரின் கணக்கில் தெரியும்.

இனி திடல் விவகாரம். செயலாளர் ஒரே விஷயத்தைப் பிடித்துத் தொங்குகிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தீர்கள். தொங்கியவன் ஒருவன் இருந்ததால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

நம் திடலைச் சின்ன அரங்கமாக மாற்றப்போவதாகச் சொல்லப்பட்டது உங்களுக்குத் தெரியும். கூரை போட்ட ஒரு பக்க இருக்கை, நான்கு விளக்குக் கம்பம், ஒழுங்கான உடைமாற்றும் அறை. படம் வரைந்த பேனர் வேலியில் வெயில் தின்று வெளுக்கும்வரை தொங்கியது. இந்த ஆண்டு என்ன நடந்ததென்றால், பக்கத்து நிலத்தில் கடைவீடுகள் கட்ட ஒரு நிறுவனம் திட்டமிடல் அனுமதி கேட்டது. அதற்குப் போகும் பாதை நம் திடலின் மேற்குப் பக்கத்தை வெட்டிக்கொண்டு போகிறது. நிறுவனத்தின் பெயரையும் உள்ளாட்சி மன்றத்தின் பெயரையும் அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும்.

பாதை போனால் என்ன, மிச்சத்தில் ஆடலாமே என்றார் ஒரு செயலவை உறுப்பினர். அதனால் நானும் உதவிச் செயலாளரும் டேப் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை திடலுக்குப் போனோம். முந்தின இரவு மழை. புல்லில் டேப் ஒட்டிக்கொண்டு நேராக இழுபடவே இல்லை. ஒரு முனையைக் கொடிக்கம்பத்தில் கட்டி, இன்னொரு முனையை உதவிச் செயலாளர் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். பாதைக்கு விட்டது போக 58 மீட்டர் அகலம் வந்தது. பெரிய அரங்கங்களில் 105-க்கு 68 மீட்டர் என்பது வழக்கமான அளவு. ஆட்ட விதிப்புத்தகம் அகலத்தை 45 மீட்டர் வரை இறங்க விடுகிறது. அனைத்துலக ஆட்டம் என்றால் 64-க்குக் கீழே போகக் கூடாது. அனைத்துலக ஆட்டம் நம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வரப்போவதில்லை, சரி. ஆனால் கூரை இருக்கை போட வேண்டிய இடம்தான் பாதையாகிறது. இருக்கை இல்லாத திடல் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பேனர் தேவையில்லை.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தை, அதாவது 172-ஆம் சட்டத்தை, நான் உட்கார்ந்து படித்தேன். உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுப்பது) இன்னும் நடப்புக்கு வராத இடத்தில், யாராவது திட்டமிடல் அனுமதி கேட்டால் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். யார் அண்டை? நிலத்தை ஒட்டியிருப்பவர். அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர். முட்டுச்சந்து என்றால் அந்த வழியைப் பயன்படுத்துகிற 200 மீட்டருக்குள் உள்ள நில உரிமையாளர். இதில் முப்பது வருடமாக ஒரே திடலில் கத்திக்கொண்டிருக்கும் ரசிகனுக்கு இடமே இல்லை. நம் சங்கத்துக்கு அங்கே இருப்பது பந்து, வலை வைக்கும் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், கிடையாது.

ஆக நோட்டீஸ் நமக்கு வரவில்லை, வரவும் வராது. அது வந்தது மூலை வீட்டு அம்மாவுக்கு. கோல்கம்பத்துக்குப் பின்னால் நீலக் கேட் வீடு. பல ஆண்டாக நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். பந்து விழுந்தால் திருப்பித் தராதவர் என்று நாமெல்லாம் குறை சொன்னவர். நான் போய்க் கேட்டைத் தட்டியபோது முதலில் காட்டியது துணிக்கூடையைத்தான். அது நிறையப் பந்துகள். பாதி காற்றுப்போனவை, ஒன்றில் பாசி பிடித்திருந்தது.

“தம்பி, என் மல்லிச் செடிய நாலு தடவ ஒடிச்சிருக்கீங்க. அத யாரு கணக்குல எழுதுறது?” என்றார்.

சங்கத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். (பொருளாளர் கவனத்துக்கு: இரண்டு மல்லிச் செடி, ரசீது இணைத்துள்ளேன்.) பதிவுத் தபாலில் வந்த கடிதம் தொலைபேசிப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அந்தப் பாதை அவருடைய படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். காற்பந்தைப் பற்றி நான் பேசவே இல்லை, பேசியிருந்தால் கதவு மூடியிருக்கும். இரவு லாரி போகுமா என்று மட்டும் கேட்டார். கடைவீடு என்றால் சாமான் வரத்தானே செய்யும் என்றேன்.

அடுத்த சிக்கல், கிராண்டில் அவர் பெயரோடு மகன் பெயரும் இருந்தது. இரண்டு பேர் கையெழுத்தும் இருப்பது நல்லது என்று வழக்கறிஞர் சொன்னார். மகன் ஜொகூர் பாருவில் வேலை. 21 நாளில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அந்தப் பையன் இரவு பஸ் ஏறி வந்து, சுங்கை நிபோங்கில் இறங்கி, முகம் கழுவாமல் கையெழுத்துப் போட்டு, ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் நில வரி ரசீதும் கொடுத்துவிட்டு மறுபடி பஸ் ஏறினார். அவர் நம் உறுப்பினர் அல்ல. திடலுக்கு எதிர்ப் புளோக்கில் குடியிருக்கும் நம் உறுப்பினர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்து இயக்கம் தனி. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆட்டம் பார்க்கும் இரவுகளில் தாள்களைச் சுற்றுக்கு விட்டோம். நிறையக் கையெழுத்து சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தால் அதில் மெஸ்ஸி மூன்று முறை வந்திருக்கிறார். 1991-இல் காலமான மலேசியக் காற்பந்து வீரர் மொக்தார் டஹாரியும் நம் திடலுக்காகக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்த வரிகளையெல்லாம் அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அதிகாரி வாங்கிக்கொண்டு, இதைத் தகவலுக்காக வைத்துக்கொள்கிறோம் என்றார். அண்டை நிலக்காரர் கடிதத்துக்கு மட்டும் முத்திரை குத்தித் தந்தார்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் ரசிகர்களும் திட்டமிடலும் என்ற உரைநிகழ்ச்சியை நடத்தினேன். வராதவர்களுக்காக அதன் சாரத்தை இங்கே சொல்கிறேன், வந்தவர்கள் மன்னிக்கவும், நீங்கள் சிலர்தான். லண்டனில் சார்ல்டன் அத்லெட்டிக் என்றொரு குழு. தி வேலி என்ற சொந்த அரங்கத்தை விட்டு 1985-இல் இன்னொரு குழுவின் அரங்கத்துக்குக் குடிபோனது. திரும்பி வர அரங்கத்தைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டார்கள். கிரீனிச் கவுன்சில் 1990 ஜனவரியில் மறுத்தது. ரசிகர்கள் வேலி கட்சி என்று ஒரு கட்சியே தொடங்கி, அந்த மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 60 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். ஓரிடமும் ஜெயிக்கவில்லை. ஆனால் 14,838 ஓட்டு விழுந்தது, திட்டமிடல் குழுத் தலைவர் பதவியிழந்தார். அடுத்து அனுமதி தானாக வந்தது. 1992 டிசம்பர் 5-ஆம் தேதி சொந்த அரங்கத்தில் போர்ட்ஸ்மத்தை 1-0 என்று வென்றார்கள். பிரைட்டன் குழு 1997-இல் அரங்கத்தை இழந்து 2011-இல்தான் புது அரங்கத்தில் ஆடியது. அவர்களுக்குப் பக்கத்து மாவட்ட மன்றமே நீதிமன்றம் போய்த் தடை கேட்டது.

நாமும் கட்சி தொடங்கலாமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். தொடங்கலாம், ஓட்டுப் போட இடமில்லை. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, கவுன்சிலர்கள் நியமனம்தான். ஆகவே சார்ல்டன்காரனுக்கு இருந்த வழி நமக்கு இல்லை. நமக்கு இருப்பது கடிதம், முத்திரை, விசாரணை நாள். அதோடு கொஞ்சம் தெம்பு: இந்த ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் குடியிருப்பாளர்கள் பக்கம் நின்று, கொடுத்த அனுமதி உத்தரவையே ரத்து செய்த கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு, நமக்கு வேறு என்பது தெரியும். ஆனாலும் பூங்காவில் நடக்கப் போகிறவர்கள் அத்தனை ஆண்டு விடாமல் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விசாரணை நாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழுவில் அறிவித்ததும் கட்டைவிரல் படங்கள் குவிந்தன. ஒருவர் “களம் இறங்குவோம்” என்று எழுதி, கூடவே பினாங்கு வீரர் ஃபைஸ் சுப்ரி 2016-இல் பஹாங்குக்கு எதிராகப் போட்ட ஃப்ரீகிக் வீடியோவையும் போட்டார். உலகமே வியந்த கோல்தான், புஸ்காஸ் விருதும் வாங்கியது, நானும் இன்னொரு முறை பார்த்தேன். செவ்வாய் காலை அந்த அறையில் இருந்தவர்கள் மூலை வீட்டு அம்மா, நான், ஓய்வுபெற்ற நம் உதவித் தலைவர். நாலாவது நாற்காலியில் அம்மாவின் கைப்பை. வேலை நாள் என்பது எனக்கும் தெரியும், எனக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. அம்மா நன்றாகப் பேசினார். லாரி, ஜன்னல், மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்டார். அரங்கத்தைப் பற்றி நான் பேச எழுந்தபோது, நீங்கள் நில உரிமையாளரா என்று கேட்டு உட்கார வைத்தார்கள்.

முடிவு நவம்பரில் வந்தது. நிபந்தனைகளோடு அனுமதி. லாரிக்கு இரவு நேரத் தடை உண்டு, வடிகால் பெரிதாக்க வேண்டும். பாதை மட்டும் அதே இடத்தில். அம்மாவுக்குப் பாதி வெற்றி, நமக்குச் சுழி. ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபித்த அண்டை நிலக்காரர் பெயரில்தான் போக முடியும். அம்மா சம்மதித்தார், மனுவும் உரிய நாளுக்குள் போய்விட்டது. செலவு சங்கத்துடையது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். செயலவையைக் கேட்கவில்லை என்று குறை சொல்லப்பட்டது. கேட்பதற்காக இரண்டு முறை கூட்டிய செயலவைக் கூட்டங்களுக்கு வந்தவர்களைக் கேட்டேன்.

கணக்கு விவரம் பொருளாளர் அண்ணன் தனியே தருவார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், செலவு கொஞ்சம் முன்னால் நிற்கிறது. சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்). மாதத்துக்கு இரண்டு வெள்ளி, ஒரு தே தாரிக் டீக் காசு. கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று ஆண்டுப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு விரல் போதாது. சட்டவிதிப்படி பெயரை நீக்கலாம். நீக்கினால் கோரம் சேராது என்பதால் நீக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், செயலவை, கோயில் நிர்வாகம், மண்டபத்தை வாடகையில்லாமல் தந்ததற்கு, கட்டணத்தில் பாதியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன வழக்கறிஞர், தண்ணீர்ப் பந்தலுக்குத் தயிர் கொடுத்த கடைக்காரர். மூலை வீட்டு அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்றேன். வேண்டாம், கோல்கம்பத்துக்குப் பின்னால் உயரமாக வலை கட்டுங்கள் என்றார். அதற்கான விலைப்பட்டியல் பின்னால் இணைக்கப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டு என் பதவிக்கு யாராவது முன்வந்தால் கோப்புகளை அன்றே ஒப்படைக்கத் தயார். மேல்முறையீட்டுக் கோப்பு சற்றுத் தடிமன். யாரும் முன்வராவிட்டால், ஒரு வருடத்துக்கு மட்டும் நானே பார்க்கிறேன், ஆனால் வலைக்கும் வழக்கறிஞருக்கும் பணம் வேண்டும். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் அனுப்ப வேண்டியிருப்பதால், வருகைப் பதிவேட்டில் அவரவர் ஐ.சி.யில் உள்ள பெயரையே எழுதவும். பொருளாளர் வாசலுக்குப் பக்கத்து மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) அந்த மேசையைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பினாங்கு