ஒரு பிரதி என் வீட்டில் இருக்கட்டும்

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுவது. நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்பு சேமிக்கும் டிஸ்க் பெட்டி, வாங்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தது நல்ல காரியம். நீ அனுப்பிய மூன்று மாடல்களின் விவரத்தையும் வரி விடாமல் படித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதிதான் மனசில் நிற்கும், அதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மருமகளும் படிக்கட்டும். அவளுடைய வேலைக் கோப்புகளும் அதில்தானே வரப்போகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு டிஸ்க் போடும் அந்தப் பெரிய பெட்டி வேண்டாம். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி உங்களுக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் தனியாக இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கு. அதில் ஒன்று எப்போதும் என் வீட்டில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆபீஸில் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட காலத்திலேயே டிஸ்க் செத்துப்போவது எனக்குப் பழகிவிட்டது. நல்ல கம்பெனி டிஸ்க்கும் சாகும், விலை கூடியதும் சாகும். வாரன்டி இருந்தால் புது டிஸ்க் கொடுப்பார்கள், உள்ளே இருந்த படங்களைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நன்றாக ஓடும் நாளை நினைத்துப் பார்க்காதே. ஓடாமல் நின்றுபோன நாளை நினைத்துக்கொண்டு தேர்ந்தெடு.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு போன், இரண்டு லேப்டாப், அந்தப் பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருப்பதை இரண்டாகப் பிரி. தொலைந்தால் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம் என்பது ஒரு பக்கம்: சினிமா, பாட்டு, மென்பொருள். தொலைந்தால் போனது போனதுதான் என்பது இன்னொரு பக்கம்: பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தாத்தா பேசிய வீடியோ, சான்றிதழ்களின் ஸ்கேன், மருமகளின் வேலை. இந்த இரண்டாவது பக்கத்தின் அளவுதான் உனக்கு வேண்டிய கணக்கு. அதைப்போல மூன்று மடங்கு இடம் இருக்கும் டிஸ்க்காக வாங்கினால் சில வருஷங்களுக்குக் கவலையில்லை. 4 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று காட்டினால் பதறாதே. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இனி, "ரெய்டு போட்டுவிட்டால் பேக்கப் ஆகிவிடுமே" என்று நீ எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நீ என்னோடு ஒத்துப்போகும் வரை விடமாட்டேன். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் ரெய்டைப் பற்றி எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்னச் சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டலாம், அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது என்பதுதான் அவர்கள் சொன்னது. வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. காரில் இருக்கும் ஸ்டெப்னியை நினைத்துக்கொள். டயர் பஞ்சரானால் வழியில் நிற்காமல் போய்ச் சேரலாம், காரே களவு போனால் ஸ்டெப்னியும் கூடவே போய்விடும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1-ல், நீ ஒரு போல்டரைத் தவறி அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்து கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டினால் இரண்டிலும் பூட்டிக்கொள்ளும். தண்ணீர் புகுந்தாலும், திருடன் தூக்கிப்போனாலும், மின்சாரம் ஏறி அடித்தாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

ரெய்டு 1 போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்க் போன அன்றைக்கு மருமகளின் வேலை கெடாமல் இருக்க அது வேண்டும். ரெய்டு 0 பக்கம் மட்டும் போகாதே. அதில் இரண்டு டிஸ்க்கிலும் பாதிப் பாதியாக எழுதுவதால், ஒன்று செத்தால் எல்லாமே போச்சு.

பேக்கப்புக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு 3-2-1. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் இருப்பது முதல் பிரதி. நாஸில் இருப்பது இரண்டாவது. மூன்றாவதுக்குத்தான் அந்த வெளி டிஸ்க்குகள். ஒன்று நாஸின் யுஎஸ்பி போர்ட்டில் பேக்கப் எடுக்கட்டும், எடுத்ததும் கழற்றி வை. நீங்கள் இங்கே வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இங்கே இருப்பதை எடுத்துப்போ. கழற்றி வைத்திருக்கும் டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது. இதற்கு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க், வாங்காதே. மின்சாரமே காட்டாமல் நெடுநாள் வைத்தால் எஸ்எஸ்டியில் தகவல் கரையக்கூடும். கிளவுடில் ஒரு பிரதி வைப்பதானாலும் சரி, ஆனால் மொத்தமும் திரும்பி இறங்க எத்தனை நாளாகும் என்று உன் இணைய வேகத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்.

வீட்டை விட்டு வெளியே போகும் டிஸ்க் என்பதால் என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டை டிஸ்க்கிலேயே ஒட்டி அனுப்பாதே. தாளில் எழுதி உங்கள் பத்திரங்களோடு வை. அது எங்கே இருக்கிறது என்பதும், எப்படித் திறப்பது என்பதும் மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளையே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்.

நாஸ் பெட்டிக்குள் போடும் டிஸ்க் விஷயத்தில் ஒன்று கவனி. எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு விதம் உண்டு. சிஎம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் பக்கத்துப் பக்கத்துத் தடங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல எழுதப்படும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும் நேரத்தில் இது இழுத்துக்கொண்டே போகும். சில நேரம் பெட்டி பொறுமை இழந்து அந்த டிஸ்க்கைக் கெட்டதென்று ஒதுக்கிவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் இப்படி எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்கப்பட்டது வெளியே வந்து பெரிய சண்டையானது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். ரெட் பிளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப், இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கு. இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்காதே. ஒரே பேட்சில் வந்தவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாகவும் கூடும்.

வேகத்தைப் பற்றி மருமகள் கேட்டிருந்தாள். பெட்டியின் வேகத்தைவிட வழியில் இருப்பவைதான் பெரும்பாலும் இழுத்துப் பிடிக்கும். உங்கள் ரவுட்டரின் போர்ட் ஜிகாபிட் என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் வரை போகும். ஒரு டெராபைட்டை இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். விவரக்குறிப்பில் வெறும் 10/100 என்று இருந்தால் அதே வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். கேபிளையும் எடுத்துப் பார். மேலே பொடி எழுத்தில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்க வேண்டும். நாஸைக் கேபிளால்தான் ரவுட்டரில் இணைக்க வேண்டும், முதல் பேக்கப்பை லேப்டாப்பிலும் கேபிள் போட்டே எடுங்கள். அதற்குப் பிறகு மாறியவை மட்டும் வைஃபையில் போனால் போதும். 2.5 ஜிகாபிட் போர்ட் இருக்கும் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமென்றால், ரவுட்டரிலும் லேப்டாப்பிலும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடு. பிராசசர், ராம் பற்றியெல்லாம் ரொம்ப யோசிக்க வேண்டாம். கோப்பு பகிரவும் பேக்கப் எடுக்கவும் சாதாரணமானதே போதும்.

நான் பணம் கொடுக்கச் சொல்வது ஸ்னாப்ஷாட் வசதிக்குத்தான். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற முறை இருக்கும் பெட்டியில், போல்டர் நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று பெட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். மாறிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் இடம் பிடிக்கும். லேப்டாப்பில் வைரஸ் புகுந்து பகிர்ந்த போல்டர் எல்லாவற்றையும் பூட்டினாலும், நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மலிவான சில மாடல்களில் இந்த வசதி இருக்காது. நீ அனுப்பிய மூன்றில் முதலாவதில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் அதைத் தள்ளிவிடு.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம். வெளியூரில் இருந்தும் படம் பார்க்க வேண்டும் என்று பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதே. 2021 ஜூனில், மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர், காலையில் பார்த்தால் வருஷக்கணக்கான கோப்புகள் துடைத்தெடுத்தாற்போலக் காணோம். யாரோ இணையம் வழியாக உள்ளே வந்து அழித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கடைசி மென்பொருள் அப்டேட் வந்தது 2015-ல். அடுத்த ஜனவரியிலேயே டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பூட்டியது. ஆகவே வாங்கும் முன், அந்த நிறுவனம் பழைய மாடல்களுக்கு எத்தனை வருஷம் அப்டேட் கொடுத்திருக்கிறது என்று தேடிப் பார். வாங்கிய பிறகு அப்டேட் தானாக ஏறும்படி வை. ரவுட்டரில் யுபிஎன்பியை அணைத்துவிடு, வீட்டுச் சாதனங்கள் கேட்டதும் இணையத்துக்குத் தானாக வழி திறந்துவிடும் வசதி அது. அட்மின் என்ற பெயரில் இருக்கும் கணக்கை மூடிவிட்டு வேறு பெயரில் ஒன்று திறந்து, இரண்டு படி சரிபார்ப்பு போடு. நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 அணைந்திருக்கிறதா என்றும் பார். 2017-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி, போட்டுக்கொள்ளலாம்.

சின்ன யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்கு. யுஎஸ்பி வயரால் நாஸோடு பேசுவதாக இருக்க வேண்டும். மின்சாரம் போனதும் பெட்டி எழுதிக்கொண்டிருப்பதை முடித்துத் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். பழைய கம்ப்யூட்டரையே நாஸாக மாற்றும் ட்ரூநாஸ் மென்பொருளைப் போட்டால் என்ன என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். போடலாம், ஆனால் விளையாடிப் பார்க்க. பாப்பாவின் படங்களை அதை மட்டும் நம்பி விடாதே.

பெட்டி வந்ததும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஏற்றாதே. முதலில் கொஞ்சம் கோப்புகளின் பிரதியை மட்டும் போடு. ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றலாம் என்று கையேட்டில் இருந்தால், ஒரு டிஸ்க்கின் தட்டை வெளியே இழு. பெட்டி பீப் பீப் என்று கத்தும், விளக்கு நிறம் மாறும், போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் அந்த அமைப்பைச் சரிசெய். கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திருப்பிப் போடு. மறுபடி நிரப்பச் சில மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். எந்த பட்டனை அழுத்த வேண்டும், விளக்கு எப்படி எரியும் என்பதெல்லாம் நிஜமாகவே டிஸ்க் சாகும் இரவில் உனக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

அப்புறம் வெளி டிஸ்க்கிலிருந்து ஒரு போல்டரை மருமகளின் லேப்டாப்பில் மீட்டுப் பார். நாஸே இல்லாமல் அது திறக்கிறதா? சில பெட்டிகள் பேக்கப்பைத் தங்களுடைய தனி வடிவில் எழுதும், அதைத் திறக்க அதே நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். முடிந்தவரை சாதாரணக் கோப்பாகவே நகலெடு. மாதத்துக்கு ஒருமுறை, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பக்கத்தில் 'ரீஅலோகேட்டட் செக்டார்' என்ற வரியைப் பார், கெட்டுப்போனதால் மாற்றிய இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இருந்தது ஏறத் தொடங்கினால் காத்திருக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடு.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து அனுப்பு. மொத்தம் எத்தனை டெராபைட் வருகிறது என்பதையும் எழுது. மிச்சத்தில் எதை வாங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அப்பாவின் அலமாரியில் மேல்தட்டைக் காலி செய்து வைத்துவிட்டேன், வெயில் படாது, ஈரமும் இல்லை. முதல் டிஸ்க்கை அடுத்த முறை வரும்போதே கொண்டுவா.

அன்புடன்,
அம்மா