மிதியடி சரி, லேஸுக்கு அவசரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில் பழைய துணியில் மிதியடி நெய்வதையும் கையால் லேஸ் பின்னுவதையும் ஒரே கட்டுரையில் போட்டு, இரண்டையும் ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். மிதியடியை வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம், மறுக்கவில்லை. லேஸுக்கு அது நடக்காது. சம்பாத்தியம் இரண்டிலும் சந்தேகம்தான்.

மிதியடிக்கு ஒரு மரச்சட்டம், மேலும் கீழும் வரிசையாக ஆணி, பாவுக்கு, அதாவது நெடுக்கே கட்ட, கெட்டியான பருத்திக் கயிறு, ஊடைக்கு, அதாவது குறுக்கே கோக்க, பழைய துணி, இவ்வளவு போதும். ஆனால் எந்தத் துணி என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! தீபாவளிக்கு அலமாரியை ஒழித்தால் வந்து விழுவதில் பாதி பாலியஸ்டர். அது தண்ணீரை உறிஞ்சாது, குளியலறை வாசலில் போட்டு என்ன பயன்? நைந்த பருத்திச் சேலை, கைலி, டீ-சட்டை, இவைதான் சரி. டீ-சட்டையை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் ஒரே நீள நாடாவாக வரும், கொஞ்சம் இழுத்துவிட்டால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். அடுத்த நாடாவைச் சேர்க்க முடிச்சு போடாதீர்கள், காலில் உறுத்தும். இரண்டு நுனியிலும் சின்னக் கீறல் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புது நாடாவின் மறுமுனையை அந்தக் கீறல்கள் வழியாக விட்டு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, ஊடையை விறைப்பாக இழுத்தால் மிதியடி நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் வளைவாக விட்டு, அப்புறம் கீழே தட்டுங்கள். பினாங்கு ஈரக்காற்றில் தடிமனான மிதியடி சீக்கிரம் காயாது, நாற்றமடிக்கும். மெல்லிசாக நெய்வதே நல்லது.

இனி லேஸ். கட்டுரையோடு போட்டிருந்த படம், பெரனாக்கான் சீனப் பெண்கள் அணியும் மேற்சட்டையான ஞோஞ்ஞா கெபாயாவின் ஓரம். அழகான வேலைதான், 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் கெபாயா ஏறிவிட்டது, ஆனால் அதிலுள்ள ஓட்டை வேலை துணியில் தையல் இயந்திரத்தால் எம்பிராய்டரி போட்டு, நடுவே வெட்டி எடுப்பது. கையால் பின்னும் பாபின் லேஸில் (திண்டு லேஸ் என்பதும் இதுதான்) அடித்துணியே கிடையாது. திண்டின்மேல் புள்ளி குத்திய அட்டையை வைத்து, குண்டூசி நட்டு, பாபின் என்ற சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை இரண்டு ஜோடியாக எடுத்துக் குறுக்கே மாற்றுவதும் முறுக்குவதும்தான் மொத்த வேலையும். கேட்க எளிது. ஒரு முறுக்கு விட்டுப்போனால் அது நாலைந்து ஊசி தாண்டிய பிறகுதான் கண்ணில் படும், அதுவரை பின்னியதைப் பிரிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட ஆள் இருந்தால்தான் இது வரும். வீடியோவில் விரல் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை.

இது வெள்ளைக்காரர் வேலை, நமக்கெதற்கு என்று என் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அவர்களின் மனைவி மார்த்தா 1820களிலேயே நம் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி, எலைசா திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடியில் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. ஆனால் அதே தொழிலில், ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷே லேஸ் (கொக்கி ஊசியால் போடுவது) பின்னும் பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு, லாபம் ஏற்றுமதி செய்தவர்களுக்குப் போனது. இதையும் எழுதாமல் ‘வருமானம்’ என்று தலைப்புப் போட்டால், குறைந்த சம்பளத்தில் குடும்பம் ஓட்டும் பெண்கள் நூலுக்கும் கட்டைக்கும் காசைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் லேஸ் கடையில் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்போது கைவேலைக்கு உரிய விலையை யார் கொடுப்பார்?

அதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கும், அதனால் பின்னுகிறேன், அவ்வளவுதான். நம் கோயில் மண்டபங்களில் மேக்கப் வகுப்பும் கேக் வகுப்பும் நடக்கிறதே, அங்கே முதலில் மிதியடி வகுப்பு வையுங்கள், அதில் கை பழகியவர்களுக்கு மட்டும் வாரம் ஒரு நாள் லேஸ், சில மாதங்களுக்கு. மிதியடிக்கு நான் வருகிறேன், சட்டமும் கொண்டுவருகிறேன். லேஸுக்கு என்னைவிடத் தேர்ந்தவர் வேண்டும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன, பாட்டியிடம் திண்டு லேஸ் கற்றவர் யாராவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதும்படி ஒரு சின்ன அறிவிப்புப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு