அந்த ஒற்றை க்யூ (Q) எழுத்தைத் தந்தவர்களுக்கு நன்றி

அன்பு ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களே,

இம்மாதச் சொல்லாட்டத்துக்கு வந்த லாகுகளை (தொடர்புப் பதிவேடுகளை) சரிபார்த்து முடித்தாகிவிட்டது. எல்லாச் சொல்லையும் நிரப்பியவர்களின் பட்டியல் தனியே வரும். இந்த மடல் அவர்களுக்கு எழுத்துக் கொடுத்தவர்களுக்கு.

புதிதாக வருபவர்களுக்காக ஆட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். மாதத் தொடக்கத்தில் சில ஆங்கிலச் சொற்கள் தரப்படும். 5 வாட்டுக்கு மேல் போகாமல், மோர்ஸில் மட்டும் தொடர்பு கொண்டு, எதிர்முனை நிலையத்தின் அழைப்புக்குறியில் (எழுத்தும் எண்ணும் கலந்த அதன் அடையாளத்தில்) உள்ள எழுத்துகளை எடுத்து அந்தச் சொற்களை நிரப்ப வேண்டும். எண்கள் சேராது. கிடைத்த எழுத்தை ஒரு முறைதான் செலவழிக்கலாம். ஒரு நிலையத்தை மாதத்துக்கு ஒரு முறைதான் எண்ணலாம்.

இம்முறை வந்தவை ஆண்டெனா (ANTENNA), பேலன் (BALUN), கீயர் (KEYER), குவார்ட்ஸ் (QUARTZ) என்ற நான்கு சொற்கள். ஆங்கிலத்தில் மொத்தம் 23 எழுத்து. ஏ நான்கு, என் நான்கு, ஈ மூன்று வேண்டும். அழைப்புக்குறிக்கு ஐந்தெழுத்து என்று வைத்தால் ஐந்து தொடர்பில் முடிந்துவிடும் போலத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்: வேண்டாத டபிள்யூ மலைபோலக் குவியும், ஒரே ஒரு க்யூவுக்காக மாதக் கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும்.

க்யூ அரிதானதற்குக் காரணம் உண்டு. க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ குறியீடுகளோடு குழம்பக் கூடாது என்பதால் எந்த நாட்டுக்கும் க்யூவில் தொடங்கும் முன்னொட்டு (அழைப்புக்குறியில் நாட்டைக் காட்டும் முதல் பகுதி) தரப்படவில்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் பின்னொட்டில்தான் தேட வேண்டும். ஆகவே பின்னொட்டில் க்யூ வைத்திருப்பவர்கள் வாரக்கடைசியில் 7.030, 14.060 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து உட்கார்ந்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது பெரிய உபகாரம். தங்கள் சொற்களை எப்போதோ நிரப்பிவிட்டவர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் நின்றது பிறருக்காகத்தான். முதல் நன்றி அவர்களுக்கு.

அடுத்து உயிரெழுத்துக்காரர்கள். ஓ வேண்டுமானால் ஆஸ்திரியாவின் ஓ.ஈ., ஃபின்லாந்தின் ஓ.எச்., செக்கின் ஓ.கே., பெல்ஜியத்தின் ஓ.என். என்று வரிசையாக இருக்கின்றன. இம்மாதம் ஓ யாருக்கும் தேவைப்படவில்லை, பாவம். ஸ்பெயினின் ஈ.ஏ. ஒரே தொடர்பில் இரண்டு உயிரெழுத்தைக் கொடுத்துவிடும். யூவுக்கு இந்தியாவின் வி.யூ., அர்ஜென்டினாவின் எல்.யூ., செர்பியாவின் ஒய்.யூ. கைகொடுத்தன. செர்பியக்காரர்கள் கீயருக்கு வேண்டிய ஒய்யையும் சேர்த்தே தந்தார்கள். இசட்டுக்கு நியூசிலாந்தின் இசட்.எல். தொலைவு என்றால் டென்மார்க்கின் ஓ.இசட். இருக்கிறது.

அழைப்புக்குறிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் எழுத்துகள் சேருமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். சேராது. சேரும் என்று விட்டால் ஆளாளுக்கு வாலில் க்யூ.ஆர்.பி. (குறைந்த திறன்) என்று ஒட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் க்யூ விநியோகம் செய்துவிடுவார்கள்.

இனி, லாகு சரிபார்த்த தன்னார்வலர்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பாட்டை நாமே குறைக்கலாம்.

தமிழில் எழுதும்போது பேலனின் முதலெழுத்தும் பி (B), பிரேசிலின் முன்னொட்டான பி.ஒய்.யின் முதலெழுத்தும் பி (P). பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காதுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முன்னது டா-டி-டி-டிட், பின்னது டி-டா-டா-டிட் (டிட் குறுகிய ஒலி, டா நீண்ட ஒலி). காதுக்கு வேறு சிக்கல் இருக்கிறது: அலை மங்கும் நேரத்தில் கடைசி டிட் காணாமல் போவது. டா-டி-டி-டிட்டில் ஒரு டிட் போனால் அது டா-டி-டிட், அதாவது டி (D). டி-டா-டி-டிட் என்ற எல்லில் ஒன்று போனால் ஆர். ஆக, பேலன் 'டாருன்' ஆகிவிடும்! இசட் ஜியாகும், எச் எஸ்ஸாகும். புதியவர்களுக்கு இன்னொரு பொறி க்யூவும் ஒய்யும். டா-டா-டி-டா, டா-டி-டா-டா: ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. 'க்யூ கிடைத்துவிட்டது' என்ற மகிழ்ச்சியில் ஒய்யை எழுதிவைத்த லாகுகளை எதிர்முனை லாகோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்தான். ஆசை காதை ஏமாற்றும். எந்த எழுத்து வேண்டுமோ அதுவே கேட்கும்.

டிட் தொலைவதற்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சில செட்டுகளில் கேட்பிலிருந்து அனுப்புக்கு மாறும் நேரத்தில் முதல் டிட் விழுங்கப்படும். அப்போது வி.யூ. என்பது யூ.யூ. என்று போய்ச் சேரும். ஜே ஓவாகும், டபிள்யூ எம்மாகும். திரும்பும் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால், சொல்லுக்குச் சொல் செட் கேட்புக்குத் திரும்பாது. அழைப்புக்குறியை இரண்டு முறை அனுப்பினால் இரண்டாவதாவது முழுசாகப் போகும்.

கூடுதல் டிட் விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது கீயருக்குள் (பேடில் என்ற விசையைத் தொட்டால் டிட், டா உண்டாக்கும் கருவிக்குள்) புகும் ரேடியோ அலையை. டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடையில்) சரியாக இருந்து, ஆண்டெனாவை மாட்டினால் மட்டும் எச்சின் இடத்தில் ஐந்து வந்தால் அதுதான் காரணம். பேடில் முனைகளுக்கும் தரைக்கும் நடுவே ஆளுக்கொரு 10 நானோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர், பேடில் வயரை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று, பெரும்பாலும் அடங்கிவிடும். ஆண்டெனாவை மாட்டாமலே டிட் விட்டுப்போனால் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கு நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுத்துவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் போய்விடும்.

நேரப் பிழைக்கு வருவோம். லாகு உலகப் பொது நேரத்தில்தான் இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியை அப்படியே விட்டவர்கள் ஏராளம். மாதக் கடைசி இரவில் இது தொடர்பையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடும். சரிபார்ப்பவர்கள் தேதியை ஒரு நாள் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக் காப்பாற்றியது அவர்களுடைய நல்ல மனசு. அடுத்த முறையும் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

மெதுவாக அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. மோர்ஸில் டிட்டின் நீளம் 1200-ஐ வேகத்தால் வகுத்தால் வரும் மில்லிவினாடி. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 60, 12 சொல் என்றால் 100. க்யூ.ஆர்.எஸ். (மெதுவாக அனுப்பவும்) என்று கேட்ட புதியவருக்காக 25-லிருந்து 12-க்கு இறங்கி வந்தவர்களைப் பல லாகுகளின் குறிப்பில் பார்த்தோம். அவர்களில் சிலர் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள்: எழுத்தை 18-லேயே வைத்து இடைவெளியை மட்டும் நீட்டினார்கள். எழுத்தின் ஓசை வடிவம் மாறாது, யோசிக்க நேரமும் கிடைக்கும். கேள்விக்குறி வந்த இடத்தில் முழு அழைப்புக்குறியையும் அதே வேகத்தில் திரும்பக் கொட்டாமல், சந்தேகமான எழுத்தை மட்டும் நிதானமாக இரண்டு முறை தந்தவர்களும் அப்படித்தான். '599 (மிகத் தெளிவாகக் கேட்கிறது), அழைப்புக்குறியை மறுபடி அனுப்பவும்' என்று பதில் தந்தவர்களுக்கும் நன்றி, சிரிக்க வைத்ததற்கு.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு ஆண்டெனா கட்ட வழிகாட்டியவர்களையும் சொல்ல வேண்டும். அவர்கள் பரிந்துரைத்தது ஒரு முனையில் ஊட்டம் தரும் அரை அலைக் கம்பி: 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். அரை மீட்டர் கூடுதலாக விட்டு, ஆண்டெனா பொருத்தத்தைக் காட்டும் கருவியைப் பார்த்தபடி வெட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கான மின்மாற்றிக்கு எஃப்.டி.140-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று 2, இரண்டாம் சுற்று 14. விகிதம் ஏழு, மின்மறிப்புக்கு (impedance) 49. முதன்மைக்குக் குறுக்கே 100 பிக்கோஃபேரட். கம்பி வளையத்தின் துளைக்குள் ஒரு முறை போனாலே அது ஒரு சுற்று. வெளியே தெரியும் வளைவை எண்ணினால் ஒன்று தவறும், பிறகு ஒத்திசைவு ஏன் வரவில்லை என்று கம்பியை வெட்டித் தீர்ப்பீர்கள். அப்படி வெட்டியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள் இந்த நண்பர்கள்.

கேட்கும் அழைப்புக்குறிகளைத் தானாக இணையத்தில் காட்டும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்குக்காக வீட்டில் ரிசீவரை இரவும் பகலும் ஓடவிட்டிருக்கும் தன்னார்வலர்களுக்கு இந்த ஆட்டம் நடப்பதே தெரிந்திருக்காது. 5 வாட்டில் சி.க்யூ. (பொது அழைப்பு) போட்டவருக்கு, தன் அலை எங்கே எத்தனை டெசிபெலில் கேட்கிறது என்று காட்டியது அவர்கள் வேலை. ஒரு வேண்டுகோள்: அங்கே திரையில் விழும் அழைப்புக்குறியை அப்படியே லாகில் எழுதாதீர்கள். கணினியும் டிட்டை விடும். காதில் கேட்டதை எழுதுங்கள்.

அடுத்த மாதச் சொற்களில் ஜே இரண்டு, எக்ஸ் ஒன்று இருக்கின்றன. ஜப்பான் பக்கம் அலை திறக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். எக்ஸுக்கு மெக்சிகோவின் எக்ஸ்.ஈ. இருக்கிறது. வாரக்கடைசியில் பெரிய போட்டி நடந்தால் 10.116 மெகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடுங்கள், அந்த பேண்டில் (அலைவரிசையில்) போட்டி கிடையாது. லாகில் தேதியை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

73 (வாழ்த்துகள்), டிட் டிட்

சொல்லாட்டக் குழுவினர்