எம்.சி. எடுத்தால் 120 வெள்ளி போய்விடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஆரோக்கிய வாரம் நடத்தினார்கள். கேன்டீனில் பலூன் கட்டி, சும்பா ஆடவைத்து, ஆளுக்கு ஓர் ஆப்பிளும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். ஏற்பாடு செய்த பிள்ளைகள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டிலை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்ற அக்கா, "இவ்வளவு தண்ணியும் குடிச்சா என்னை யாரு டாய்லெட்டுக்கு விடுவா?" என்று மெதுவாகக் கேட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 21 வருஷமாக ஆபரேட்டர். என் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார். 1972-இல் அந்தத் தொழிற்பேட்டை வந்து, கொஞ்ச வருஷத்தில் கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் பஸ் பஸ்ஸாகப் போக ஆரம்பித்த காலத்தில், அம்மா நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தவர். நாங்கள் வீடு வாங்கியது, தம்பி படித்தது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அதனால் தொழிற்சாலையைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் நோயாளி ஆகாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கிளீன் ரூம், அதாவது தூசி படக்கூடாத அறை. தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடை, முகமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டு, காற்று அடிக்கிற அறை வழியாக உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டாய்லெட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் லைன் லீடரிடம் சொல்ல வேண்டும், நம் இடத்தில் நிற்க ரிலீவர் வரவேண்டும், அப்புறம் வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்றி, போய்விட்டு, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வர எப்படியும் கால் மணி நேரம் ஆகிவிடும். மூன்று லைனுக்கு ஒரே ரிலீவர். அவர் வேறு லைனில் இருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதனால் எங்களில் பாதிப் பேர் ஷிப்டுக்கு வரும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறோம்.

நான் சொன்ன அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் வரும், தாகமும் எடுக்கும், இரண்டையும் அடக்கிக்கொண்டு 12 மணி நேர ஷிப்டில் உட்காருகிறார். இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் நடுங்கினார். மூன்று தடவையும் வேலைக்கு வந்தார்.

ஏன் வந்தார் என்றால் வருகை அலவன்ஸ். மாதம் முழுக்க லீவு இல்லாமல் வந்தால் எங்கள் கம்பெனியில் 120 வெள்ளி (ரிங்கிட்). ஒரு நாள் எம்.சி., அதாவது டாக்டர் சான்றிதழோடு நோய் விடுப்பு, எடுத்தால் பாதி போகும், இரண்டு நாள் எடுத்தால் முழுதும் போகும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது, அதை ஒட்டித்தான் எங்களில் பலருக்கு அடிப்படைச் சம்பளம். அதில் 120 வெள்ளி என்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதக் கரண்ட் பில்லும் பிள்ளையின் பள்ளி வேன் காசும். பனடோல் இரண்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அந்தப் பணம் கையில் நிற்கும் என்று கணக்குப் போடுகிற அம்மாவை யார் குறை சொல்ல முடியும்?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோய் விடுப்பைச் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷம்வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். அக்காவுக்கு 22 நாள் உண்டு. அந்த 22 நாளும் தாளில் இருக்கிறது, ஆனால் அவர் தொடுவதில்லை, ஏனென்றால் சம்பளத்தில் கை வைக்காத கம்பெனி அலவன்ஸில் கை வைக்கிறது. அலவன்ஸ் கொடுப்பதும் கம்பெனி, அதற்கு நிபந்தனை போடுவதும் கம்பெனி. அப்படியானால் அந்த நிபந்தனையை மாற்றுவதும் அவர்கள் கையில்தானே இருக்கிறது? சொல்லாமல் கொள்ளாமல் வராதவருக்கு வெட்டட்டும், நியாயம். டாக்டர் கையெழுத்துப் போட்டு எம்.சி. கொடுத்தவரையும் அதே கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

நம் சமூகத்துக்கு இது ரொம்பப் பெரிய விஷயம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், ஒரு வாரம் பகல் ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை செய்கிற உடம்பில் சீனியை எப்படிக் கட்டுப்படுத்துவது? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2013-இல் 40 வயது ஆனவர்களுக்கு இலவச உடல் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. எங்கள் லைனில் கடிதம் வந்தும் போகாதவர்கள் நிறைய பேர். ஓய்வு நாளில் தூங்குவதா, வீட்டு வேலை பார்ப்பதா, கிளினிக்கில் போய் உட்காருவதா என்று யோசித்து யோசித்து நாள் ஓடிவிடுகிறது. ஆரோக்கிய வாரத்தில் கட்டிய பலூனுக்குப் பதிலாக அந்தப் பரிசோதனைக்கு வேலை நேரத்தில் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

வழி இல்லாமல் இல்லை, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் லைனுக்கு ஒரு மலாய்க்கார சூப்பர்வைசர் வந்தார். அவர் யாரையும் கேட்காமல் எங்கள் லைனுக்கென்று ஒரு ரிலீவரைப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு இரண்டு பேராகத் தானே வெளியே அனுப்பினார், "போய் தண்ணீர் குடிங்க" என்று மலாயில் சொல்லி அனுப்புவார். எங்கள் அவுட்புட் குறையவில்லை, கெட்டுப்போன பீஸ்தான் குறைந்தது. அவரை வேறு பிரிவுக்கு மாற்றியதும் ரிலீவரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை டேப்லெட்டைக் கொடுத்து, வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். முதல் பக்கத்திலேயே ஊழியர் எண்ணை அடிக்க வேண்டும், லைன் லீடர் பின்னாலேயே நிற்கிறார், எல்லாரும் சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டு எழுந்து வருகிறோம்.

இன்னொன்றும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும், என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. 2023 ஜனவரி 1-இலிருந்து அதே வேலைச் சட்டத்தின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு நாம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கிளீன் ரூமை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதுதான், ஆனால் இரவு ஷிப்டை விட்டுப் பகலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் அல்லவா? எங்கள் அறிவிப்புப் பலகையில் சும்பா நேரம் இருந்தது, இது இல்லை.

அக்காவுக்காக என் மகள் அந்த விண்ணப்பத்தை மலாயில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அரசாங்க கிளினிக் டாக்டரின் கடிதத்தையும் சேர்த்து, திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் எச்.ஆரில் கொடுக்கப் போகிறோம், நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தொழிலாளி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு