கொறங்காட்டில் செட்டிநாட்டு வீடு

ஆசிரியருக்கு,

பழைய வீடுகளைத் தொடர்பில்லாத நிலத்தில் வைத்து வரையும் ஓவியங்கள் வரலாற்றுத் திரிபு என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். திரிபுதான், அதனால் என்ன? லண்டன் செயின்ட் பால் பேராலயத்தை வெனிஸ் கால்வாய்க் கரையில் நிறுத்தி ஆங்கில ஓவியர் வில்லியம் மார்லோ 1795 வாக்கிலேயே வரைந்துவிட்டார். அதைப் பார்த்து யாரும் வழி தவறிப் போனதாகத் தெரியவில்லை.

கோவைக் கண்காட்சியில் ஓவியம் ஒன்றில், காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் நடுவே ஒரு செட்டிநாட்டு மாளிகையைப் பார்த்தேன். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எதிரே வெள்வேல மர நிழலில் மயிலைக் காளை. காரைக்குடித் தெருவில் வரிசையோடு வரிசையாக நிற்கும்போது கண்ணில் படாத அந்த மாளிகையின் நீளமும் செருக்கும் இங்கே பளிச்சென்று தெரிந்தன.

என் குறை வேறு. ஓவியர் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார். கிளுவைச் செடியை நட்டு வளர்த்த உயிர்வேலி இல்லாமல் அது என்ன கொறங்காடு? புல்லுக்கும் நெல்வயல் பச்சை! கோடையில் கொழுக்கட்டைப் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும் என்று எந்த மாடு மேய்ப்பவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரே.

அடுத்த முறை நடுமுற்றம் வைத்த நம் கொங்குத் தொட்டிக்கட்டு வீடு ஒன்றைத் தஞ்சை வயல்களுக்கு நடுவே வையுங்கள். பார்க்க வருகிறேன்.

- ஒரு வாசகர், காங்கேயம்