தையல் பிரிக்கும் வரை ஊசி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வீணடிக்கப்படுவது பற்றிப் பேச்செடுத்தாலே பழி மருந்துக்கடைக்குத்தான் போகிறது. கடைகளுக்காவது 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை என்ற மருந்து விற்பனை விதி இருக்கிறது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். 3 ஆண்டுகள் அதை வைத்திருக்கவும் வேண்டும். வார்டுக்குள் ஓடும் ஊசிகளை யார் கேட்கிறார்கள்?

வலை வைத்துத் தைக்கும் குடலிறக்க (ஹெர்னியா) அறுவையையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ரத்தக் குழாயில் ஏற வேண்டும். தோலைக் கீறும்போது திசுக்களில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினாலோ ரத்தம் அதிகம் போனாலோ தியேட்டரிலேயே இன்னொரு டோஸ். அதோடு சரி. அறுவை முடிந்தபின் தடுப்புக்காக ஆன்டிபயாட்டிக்கைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது.

பல இடங்களில் நடப்பது வேறு. வார்டிலேயே ஊசி போட்டு அனுப்புகிறார்கள். முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போக, இவர் மேஜைக்கு வரும்போது 3 மணி நேரம் ஓடி, மருந்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். பிறகு அதை ஈடுகட்டுவதுபோல் 5 நாள் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் ஊசி. வீட்டுக்குப் போகும்போது சீட்டில் செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. புண்ணுக்கு இதனால் பாதுகாப்பு கூடுவதில்லை. குடலில் இருக்கும் கிருமிகள்தான் மருந்துக்குப் பழகுகின்றன. “புண் சீழ் பிடித்தால் யார் பதில் சொல்வது?” என்ற பயம் புரிகிறது. ஆனால் கருவிகளைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரின் கோளாறை செஃப்ட்ரியாக்ஸோன் சரிசெய்யாது. முந்தின இரவே பிளேடால் மழிப்பதை நிறுத்தி, தேவையென்றால் மட்டும் கிளிப்பரால் முடியை வெட்டி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் அந்தப் பயம் பாதி குறையும். அறுவைக்கு முன் போடும் ஊசியை வார்டிலிருந்து எடுத்து மயக்க மருத்துவரின் பொறுப்பில் விடுவதற்குச் செலவே கிடையாது.

காய்ச்சல் நோயாளிகளிடம் கோட்டை விடுவது ரத்த கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில். முதல் டோஸுக்கு முன்பே, இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை எடுக்க வேண்டும். ஊசி போட்டபின் ஒரே பாட்டிலில் 2 மி.லி. அனுப்பினால் ‘கிருமி வளரவில்லை’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதை நம்பி மருந்தை நிறுத்தவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பலவகைக் கிருமிகளைத் தாக்கும் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் 10 நாள் ஓடும். போதாக்குறைக்கு மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு மருந்து வேறு, மெரோபெனமே செய்யும் வேலைக்கு! ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) நோயாளிக்கு மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. கல்ச்சர் எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும்.

எதற்காகத் தருகிறோம் என்பதைச் சீட்டில் எழுதுங்கள் என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. கேஸ் ஷீட்டில் அந்தக் காரணத்துக்குப் பக்கத்திலேயே மறுபரிசீலனைத் தேதிக்கும் ஒரு கட்டம் வேண்டும். 48 மணி நேரத்தில் நிறுத்துவதா, குறிப்பிட்ட கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சு மருந்துக்கு மாற்றுவதா, மாத்திரைக்கு வருவதா என்று அதில் எழுதட்டும். 72 மணி நேரமாகியும் கட்டம் காலியாக இருந்தால், அடுத்த நாள் மருந்து தருவதற்கு முன் மருந்தாளுநர் அந்த மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். மாதம் 20 அறுவைக் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, முதல் ஊசி, கீறல், கடைசி டோஸ் ஆகிய மூன்று நேரங்களையும் தொற்றுத் தடுப்புக் குழு பார்த்தாலே போதும், எந்த யூனிட்டில் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

– மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புப் பணியாளர்கள் சிலர், மதுரை