செய்முறைத் தாளை முதல் பருவத்துக்குக் கொண்டு வாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சி, உளவியல் முதுகலைப் படிப்பு தொடங்க நினைக்கும் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

குழந்தை வளர்ச்சிக் கோட்பாடு தந்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும் எந்தத் தாளில் வந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. அதையெல்லாம் யாரும் நடத்திவிடலாம். கவலை செய்முறைத் தாளைப் பற்றித்தான். கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டோடு சேர்த்துத் தள்ளிவிட்டால், அது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துபோகும்.

முதலில் வெறும் கவனிப்பு போதும். அங்கன்வாடியில் ஒரு பிள்ளையை 30 விநாடி பார்த்து, தள்ளுவது போன்ற ஒரு செயல் நடந்ததா இல்லையா என்று அடுத்த 30 விநாடியில் குறிக்க வேண்டும். இப்படி 100 கட்டங்கள். இரண்டு மாணவர்கள் ஒரே பிள்ளையை, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறிக்கட்டும். 'தள்ளுவது' என்பதை இருவரும் தலா 10 கட்டங்களில் குறித்து, அதில் 5 மட்டும் ஒத்துப்போனாலும் ஒற்றுமை 90 சதவீதம் என்று வரும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் கோஹன் கப்பா போட்டுப் பார்த்தால் 0.44தான் (முழு ஒற்றுமைக்கு 1). இருவரும் 'இல்லை' என்று விட்ட 85 கட்டங்கள் சதவீதத்தைத் தூக்கிவிடுகின்றன. சதவீதம் மட்டும் எழுதிய ரெக்கார்டைத் திருப்பிக் கொடுங்கள். கோளாறு பெரும்பாலும் வரையறையில் இருக்கும்: ஓடும்போது முழங்கை பட்டால் கணக்கா? சிரித்துக்கொண்டே தள்ளினால்?

குறைமாதப் பிள்ளைக்கு வயதைத் திருத்தாமல் மதிப்பிடுவது இன்னொரு தவறு. 32 வாரத்தில் பிறந்திருந்தால், 40 வாரத்துக்குக் குறைந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழிக்க வேண்டும். 12 மாதப் பிள்ளையை ஏறத்தாழ 10 மாதமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு.

நம் ஊரில் அதிகம் சறுக்குவது பேட்டியில்தான். பிள்ளை அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறது என்று அளக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், வளர்ப்பவர் சொல்வதை வைத்து மதிப்பெண் இடுவது. பெற்றோர் சிங்கப்பூரில் இருப்பார்கள்; பதில் சொல்வது அப்பத்தாவாக இருக்கும். "தானா சாப்பிடுமா ஆச்சி?" என்றால் "இல்லப்பா, நாந்தான் ஊட்டுவேன்" என்பார். மாணவர் 'இல்லை' என்று போட்டுவிடுவார். முடியாததும் வாய்ப்புக் கிடைக்காததும் ஒன்றல்ல. "தட்டை முன்னால வச்சுட்டு நீங்க பேசாம இருந்தா என்ன செய்யும்?" என்று அடுத்த கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். வளவில் நாலு பேர் கூடிப் பதில் சொன்னால், எது யார் சொன்னது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் 'அனைத்தும் ரகசியம்' என்று அச்சடிக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் தந்தே ஆக வேண்டும். அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

செய்முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். நான்கு கிரெடிட்டுக்கு 120. அத்தனை நேரமும் மாணவரைத் தனியே அனுப்பிவிட்டால் பயனில்லை. ஆசிரியர் கூடவே உட்கார்ந்து, தானும் குறித்து ஒப்பிட வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கை அதற்குப் போதாதென்றால் இடங்களைக் குறையுங்கள்.

சேர்க்கை விளம்பரத்தில் 'படித்ததும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போடவே கூடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் அதற்கு வேண்டும். தொலைநிலைக் கல்வியில் உளவியல் நடத்தும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்தச் சொல்லிவிட்டது.

வரைவு தயாரானதும் செய்முறைத் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரக் குழந்தை வளர்ச்சிப் பணியாளர்கள் சிலர்